பூசணிக்காயை யார் வெட்டினது?

அக்டோபர் 4

மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா. நாங்க நல்லா இருக்கோம். கடிதம்னா இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு ஆரம்பிச்சுட்டேன். ரெண்டும் எந்த அளவுக்கு உண்மைன்னு தெரியல.

போன் பண்ணினா உங்களுக்குக் கேக்காது. லிஃப்ட் மோட்டார் ரூம்ல நின்னு நின்னு போன காது. உங்களுக்குக் கேக்கணும்னு நான் குரலை உசத்தினா அது சண்டை மாதிரி ஆயிடுது. ஜூன் மாசம் நாங்க கிளம்பினப்பவும் அப்படித்தான் ஆச்சு. நீங்க ஸ்டேஷனுக்கு வருவீங்கன்னு உங்க பேத்தி பட்டாணி கடைசி வரைக்கும் ரயில் ஜன்னல்லயே இருந்தா. அதை இப்ப கிளற வேணாம்.

இங்கே இலையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சாச்சு. ஆஸ்பத்திரியில என் எக்ஸ்ரே ரூமுக்கு ஜன்னல் கிடையாது, சாயங்காலம் வெளிய வந்து பார்த்தா தெரு முழுக்க மஞ்சளா கிடக்கு. உங்க பேத்திக்கு ஸ்கூல் பழகிடுச்சு. உங்க பையன் வெச்ச பேரை அவளே எல்லார்கிட்டயும் சொல்லி, டீச்சரும் பட்டாணின்னுதான் கூப்பிடுறாங்க. ஆனா சாப்பாடுதான் இறங்க மாட்டேங்குது. டப்பா கொண்டுபோன மாதிரியே திரும்பி வருது. நான் செய்யுறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நம்ம வீட்டுல சமைக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

போன வாரம் குளிர் ஆரம்பிச்ச அன்னைக்கு, 'அப்பா சூப்' வேணும்னா. பூசணிக்காய் சூப். நான் நாலு விதமா செஞ்சு பார்த்துட்டேன். ஒரு ஸ்பூன் வாயில வெச்சுட்டு, 'இது அது இல்லம்மா'ன்னு ரொம்ப மரியாதையா சொல்லிட்டு வெச்சுடுறா. அடம் பிடிச்சாலாவது பரவால்ல.

நான் வேலை முடிஞ்சு வர்றப்ப எல்லாம் ரெடியா இருக்கும், சாப்பிட்டிருக்கேன், அவ்வளவுதான். நீங்கதான் அவர் சமைக்கிறப்ப எல்லாம் அந்த நாற்காலியில பேப்பரோட உட்கார்ந்திருப்பீங்க. ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க. எனக்காக வேணாம், அவளுக்காக.

மருமகள்

*

அக்டோபர் 9

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. ஸ்டேஷனுக்கு வராததுக்கு முட்டி வலின்னு எழுதலாம்னு பார்த்தேன். நீ நம்ப மாட்டே. விடு.

நான் பேப்பர்தான் படிச்சேன், சூப்பை யார் பார்த்தா. ஆனாலும் உன் கடிதம் வந்ததிலிருந்து கண்ணை மூடி உட்கார்ந்து யோசிச்சதுல கொஞ்சம் வந்தது.

வெங்காயத்தைப் பொடியா நறுக்கி வெண்ணெயில போடுவான். தீயைக் குறைச்சு வெச்சுட்டு அதை மறந்துட்ட மாதிரி வேற வேலை பார்ப்பான். கருகப்போகுதுடா-ன்னு நான் சொல்லுவேன். கருகாதுப்பா-ன்னுவான். தினமும் இதே பேச்சு, ஒரு நாளும் கருகினது கிடையாது. தேன் கலர் வந்த பிறகுதான் பூசணி. கூட ஒரு உருளைக்கிழங்கு. தண்ணி மூழ்குற அளவுக்குத்தான், நீ பண்ணுற மாதிரி குளம் கட்டக் கூடாது. வெந்ததும் கரண்டி அடியால மசிப்பான். மிக்சியில போட்டா மருந்து மாதிரி ஆயிடும்னுவான். கடைசியா பால், மிளகுத்தூள். இன்னும் என்னமோ ஒண்ணு உண்டு, அது வரமாட்டேங்குது.

அவங்கம்மா போனப்ப அவனுக்குப் பதினோரு வயசு. அந்த வருஷமும் இப்படித்தான் இலை கொட்டுற காலம். நான் ஏதாவது ஒரு கட்டடத்துல லிஃப்டுக்கு அடியில படுத்துக் கிடந்துட்டு, கை முழுக்க கிரீஸோட வந்தா, உருளைக்கிழங்கு வறுத்து வெச்சிருந்தான். வெளிய கறுப்பு, உள்ள பச்சை. நான் சாப்பிடுறப்ப என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தான். நல்லா இருக்குடான்னேன். அதை நம்பித்தான் நம்ம வீட்டுச் சமையல்காரன் ஆனான். அச்சகத்துல வேலை கிடைச்ச பிறகும் மதிய ஷிப்ட் வேணாம்னு காலையிலயே போயிட்டு வந்ததெல்லாம் அடுப்புக்காகத்தான்.

நான் நல்லா இருக்கேன். முட்டை, ரொட்டி, வாழைப்பழம். எங்க கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏறி இறங்குறேன். வந்து பார்த்த பையன் நட்டு எது போல்ட்டு எதுன்னு யோசிக்கிறான். நான் வாயைத் திறக்கல.

பூசணிக்காயை நீ வெட்டாதே. மாடிப்படியில விழுந்து உடைஞ்ச மணிக்கட்டு. நீயே எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து எங்ககிட்ட பெருமையா காட்டினியே. துண்டு போட்டதா வாங்கு.

மாமா

*

அக்டோபர் 16

மாமாவுக்கு,

சாப்பிட்டா. ரெண்டு கிண்ணம். மூணாவது கேட்டா, வயிறு வலிக்கும்னு நான்தான் கொடுக்கல. கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டு மூக்குல மஞ்சளோட என்னைப் பார்த்தா. எனக்கு அடுப்பு பக்கம் திரும்பிக்க வேண்டியதாப் போச்சு.

நீங்க மறந்த அந்த ஒண்ணு ஆப்பிள். வெங்காயம் வதங்குறப்ப அந்த வாசனையில எனக்கே ஞாபகம் வந்துடுச்சு. பாதி ஆப்பிளைத் துருவிப் போடுவார். மிச்சப் பாதி எப்பவும் தட்டுல இருக்கும், நான் வந்ததும் எடுத்துச் சாப்பிடுவேன். எனக்காக நறுக்கி வெச்சதுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். சூப்புல போட்டதுல மிச்சம்.

துண்டு போட்ட பூசணி இங்கே கிடைக்கல, முழுசுதான். வெட்டிக் கொடுத்தாங்க. ஒண்ணும் கஷ்டப்படல.

ஞாயித்துக்கிழமை பூங்காவுக்குப் போனோம். பட்டாணி இலையா பொறுக்கிக் கோட்டு பாக்கெட்ல திணிச்சா. மூணு பேரும் மழையில நனைஞ்சு வந்து சூடா ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டோம். ஈரத் துணியெல்லாம் ஹீட்டர் மேல போட்டதுல வீடு முழுக்க நாய்க்குட்டி வாசனை. ரொம்ப நாளைக்குப் பிறகு இது வீடு மாதிரி இருந்தது மாமா.

மாசக் கடைசியில அவளுக்கு லீவு. நீங்க வரணும். கேட்டு எழுதச் சொன்னா.

மருமகள்

*

அக்டோபர் 21

மருமகளுக்கு,

ஆப்பிள்தான். சரி.

பூசணிக்காயை யார் வெட்டினது?

மூணு பேர்னா யார் யாரு?

மாமா

*

அக்டோபர் 26

மாமாவுக்கு,

ரெண்டு வரிதான் கேட்டிருக்கீங்க. அதுக்கு நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

எங்க ஆஸ்பத்திரியில ஆம்புலன்ஸ் ஓட்டுறவர். அடிபட்டவங்களை என் ரூமுக்குத் தள்ளிக்கிட்டு வருவார். மத்தவங்க ஸ்ட்ரெச்சரை விட்டுட்டுப் போயிடுவாங்க. இவர் நின்னு, 'கொஞ்சம் குளிரா இருக்கும், பயப்படாதீங்க'ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவார். அப்படித்தான் பழக்கம். அவருக்கு யாரும் இல்ல, ஒரு தங்கச்சி எங்கயோ தூரத்துல இருக்காங்க. பட்டாணி அவரை சைரன்னு கூப்பிடுறா. நான் அதட்டினேன், அவர்தான் இருக்கட்டும்னுட்டார். பூசணியை வெட்டினது அவர். உங்க கடிதத்தை நான் படிக்கப் படிக்க, அவர் அடுப்பு பக்கம் நின்னு செஞ்சார். நான் வெங்காயம் வதக்கினேன், அவ்வளவுதான்.

கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கார். நான் இன்னும் பதில் சொல்லல.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க பையன் போன பிறகு இந்த ஜூன் வரைக்கும் நாம ஒரே வீட்டுல இருந்தோம். நீங்க ரொட்டியைத் தின்னுட்டு எழுந்து போவீங்க, நான் தட்டைக் கழுவுவேன். யாரும் அவரைப் பத்திப் பேசல. பேசினா உடைஞ்சு போயிடுவோம்னு பயம். அந்த அமைதியில பட்டாணி வளர்ந்தா. இப்ப அவ என்ன சொல்றா தெரியுமா. அப்பா மூஞ்சி போட்டோவுல இருக்கு, குரல் மட்டும் மறந்துபோச்சும்மாங்கறா. அதை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்க?

எனக்கு முப்பத்தி நாலு வயசு. உங்ககிட்ட அனுமதி கேட்டு எழுதல. உங்களை விட்டுட்டு முடிவு பண்ண மனசு வரல, அதனால எழுதுறேன்.

மருமகள்னு கையெழுத்துப் போடலாமான்னு தெரியல. போடுறேன்.

மருமகள்

*

நவம்பர் 9

மாமாவுக்கு,

லீவு முடிஞ்சது. நீங்க வரல, பதிலும் போடல. இப்படித்தான் இந்தக் கடிதத்தை நேத்து வரைக்கும் மனசுல எழுதிக்கிட்டிருந்தேன்.

இன்னைக்குப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெரியவர் எதிர்ப் பக்கம் மரத்தடியில ரொம்ப நேரம் நின்னாராம். யாரைப் பார்க்கணும்னு இவங்க கேட்டதுக்குக் காது கேக்காத மாதிரி சிரிச்சாராம். அப்புறம் படியில ஒரு பையை வெச்சுட்டுப் போயிட்டாராம். பையை அவங்க உள்ள எடுத்து வெச்சு மறந்துட்டாங்க. ஆப்பிள். பை வாயை செப்புக் கம்பியால முறுக்கிக் கட்டியிருந்தது. உலகத்துல பையைக் கம்பியால கட்டுற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

ஆறு மணி நேரம் ரயில்ல வந்துட்டு ஏன் மாமா கதவைத் தட்டல? பட்டாணி உள்ளதான் இருந்தா. தாத்தா வரலியான்னு லீவு பூரா கேட்டா. தாத்தாவுக்கு முட்டி வலின்னு உங்களுக்காக நான் பொய் சொல்லிக்கிட்டிருந்தேன், நீங்க இருபது அடி தூரத்துல நின்னுட்டிருந்தீங்க.

திட்டுறதா இருந்தா உள்ள வந்து திட்டியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியல.

மருமகள்

*

நவம்பர் 14

மருமகளுக்கு,

திட்டத்தான் வந்தேன். ரயில்ல முழுக்க வசனம் தயார் பண்ணிக்கிட்டே வந்தேன். எதிர் சீட்ல இருந்தவர், உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

உங்க தெருவுக்கு வந்தப்ப லேசா இருட்டிக்கிட்டு வந்தது. உங்க சமையல்கட்டுல விளக்கு எரிஞ்சது. தரை வரைக்கும் இறங்கின கண்ணாடி ஜன்னல்ல ஆவி படிஞ்சிருந்தது, ஆனா கீழ்ப் பாதியைப் பட்டாணி கையால தொடச்சு விட்டிருக்கா போல, அது வழியா தெரிஞ்சது. அவ ஸ்டூல் மேல நின்னு பாத்திரத்தைக் கிண்டிக்கிட்டிருந்தா. நீ ரொட்டி நறுக்கிக்கிட்டு என்னமோ சொன்னே, அவ சிரிச்சா. எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் கேக்காது, இந்தப் பக்கமும் கேக்காது. வாயைப் பார்த்துத்தான் சிரிப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஆள் உனக்கும் அவளுக்கும் நடுவுல நின்னு தட்டு தொடச்சுக்கிட்டிருந்தார். ஒரு கால் மட்டும் தள்ளி நீட்டி வெச்சிருந்தார். என்னடா நிக்கிற விதம்னு பார்த்தேன். ஸ்டூல் கால் ஒண்ணு ஆட்டம். அது சாயாம இருக்க ஷூவால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். தட்டு முழுக்க தொடைச்சு முடிக்கிற வரைக்கும் காலை எடுக்கல. யாரும் கவனிக்கல. நீயும் கவனிக்கல.

அதைப் பார்க்காம இருந்திருந்தா உள்ள வந்து கத்தியிருப்பேன். நல்ல ஆள்னு தெரிஞ்சதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு. கெட்டவனா இருந்தா பேத்தியைத் தூக்கிட்டு வந்திருக்கலாம். நல்லவனை என்ன பண்ணுறது. அந்த இடத்துல என் பையன் நிக்கணும். அவன் நிக்காததுக்கு இந்த ஆள் காரணம் இல்லைன்னு புத்திக்குத் தெரியுது. கால்தான் படியேற மாட்டேன்னுடுச்சு.

நீ எழுதின இன்னொண்ணு சரிதான். நாம பேசல. எனக்குப் பேச வரல. நீ தட்டு கழுவுறப்ப பக்கத்துல வந்து நிக்கணும்னு தோணும். நின்னா என்ன சொல்லுறதுன்னு தெரியாது, ரூமுக்குப் போயிடுவேன்.

வாங்க. மூணு பேரும். நானே சூப் பண்ணுறேன்.

மாமா

*

நவம்பர் 18

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை வர்றோம், ஞாயிறு கிளம்பணும். லிஃப்ட் சரியாயிடுச்சான்னு பட்டாணி கேக்குறா, எல்லா பட்டனையும் அவதான் அமுக்கணுமாம்.

அவர் பயந்து போயிருக்கார். ராத்திரி பகலா அடிபட்டவங்களைத் தூக்குறவர், உங்களைப் பார்க்கப் புது ஷூ வாங்கியிருக்கார். உங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு கேட்டார். சார்னா உங்களுக்குப் பிடிக்காது, மாமான்னா தனக்கு அந்த உரிமை கிடையாதுங்கறார். ஒண்ணும் கூப்பிடாமலே சமாளிச்சுக்கறேன்னுட்டார். எதுக்கும் மெதுவா பேசாதீங்க, கடுகடுன்னு பேசாதீங்க. நடுவுல ஏதாவது ஒரு மாதிரி பேசுங்க.

மருமகள்

*

நவம்பர் 27

மருமகளுக்கு,

நீங்க போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. நல்லபடியா போனதுல நிம்மதி. பட்டாணி வரைஞ்சு அனுப்பின லிஃப்ட் படம் கதவுல ஒட்டியிருக்கு. கயிறு சரியா போட்டிருக்கா.

மனுஷன் நல்லா சாப்பிடுறார், பேச்சுதான் இல்ல. ரெண்டு நாள்ல என்னை ஒரு தடவைகூட எதுவும் சொல்லிக் கூப்பிடல, பக்கத்துல வந்து தொண்டையைக் கனைச்சார். எனக்கு அது கேக்காது. அவர் கனைச்சுக்கிட்டு நிப்பார், நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். பட்டாணி வந்து என் சட்டையை இழுப்பா.

நீ கேக்காத ஒண்ணை எழுதணும். சனிக்கிழமை சாயங்காலம் நீ பால் வாங்கக் கீழ போயிருந்தே. நாங்க மூணு பேர் மேசையில இருந்தோம். அவங்க ரெண்டு பேரும் உன்கிட்ட இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க.

நான் சூப் ஊத்திக் கொடுத்தேன். உப்பு கம்மி, தெரியும். பட்டாணி ஏதோ கதை சொல்லிக்கிட்டே, மிளகுத்தூள் டப்பாவுக்குக் கையை நீட்டி, 'அப்பா, அதைக் கொடுங்க'ன்னா. என் எதிர்ல உட்கார்ந்திருந்தா, வாய் அசைஞ்சது நல்லாத் தெரிஞ்சது. சொன்ன உடனே அவளுக்கே புரிஞ்சுபோச்சு. கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. ஆறு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பயம் வரக் கூடாதும்மா. அதுவும் என்னைப் பார்த்து வரக் கூடாது.

அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டார். வெளிய போயிடலாம்னு நெனச்சார் போல.

அந்த மேசையில அந்த வார்த்தையைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி அது என்னைக் கூப்பிட்ட வார்த்தை, அப்புறம் அவனைக் கூப்பிட்ட வார்த்தை. இப்ப யாரும் அதை எடுக்காம மேசை நடுவுல கிடந்தது. நான் பேசாம இருந்தா அந்தப் பிள்ளை இனி வாழ்நாள் பூரா அதைத் திருடிக்கிட்டு வந்த சாமான் மாதிரி ஒளிச்சு ஒளிச்சு வெச்சிருக்கும்.

'உட்காருங்க மாப்பிள்ளை, சூப் ஆறுது'ன்னேன்.

அவர் நின்னுட்டே இருந்தார். நான் பட்டாணிகிட்ட, 'அப்பா கிண்ணம் காலியா இருக்கு பாரு, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து'ன்னேன். அவ என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, அப்புறம் ஊத்தினா. பாதி மேசையில. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டார், நான் பார்க்கல. நீ பாலோட வந்தப்ப ஏன் எல்லாரும் இப்படி மௌனமா இருக்கீங்கன்னு கேட்டே. உப்பு கம்மின்னு சொன்னேன்.

அந்த வார்த்தையை வேற யார் எடுத்துக் கொடுத்திருந்தாலும் அவன்கிட்டயிருந்து பறிச்ச மாதிரி ஆயிருக்கும். நீ கொடுத்திருந்தாலும் அப்படித்தான். பெத்தவன் நான் கொடுத்தேன், அதனால அவனுக்குக் குறைச்சல் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சா போதுமான்னு இன்னும் தெரியல. நீங்க கிளம்பின மறுநாள் மிச்ச சூப்பை சூடு பண்ணி உட்கார்ந்தேன். ஒரு வாய் வெச்சேன், அதுக்கு மேல முடியல. எவ்வளவு சத்தமா அழுதேன்னு எனக்குத் தெரியல. எதிர் வீட்டுக்காரர் என்கிட்ட இருந்து வாங்கி வெச்ச சாவியால திறந்து உள்ளேயே வந்துட்டார். கைகால் எதுவும் உடையலைன்னு தெரிஞ்ச பிறகு, கிண்ணத்தைப் பார்த்துட்டு, அவரும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு உட்கார்ந்தார். ஒண்ணும் கேக்கல. நான்தான் அவனைப் பத்திச் சொன்னேன். பச்சை உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். நல்லா இருந்தது. உன்கிட்ட சொல்லியிருக்க வேண்டியது.

அவருக்குப் பதில் சொல்லிடும்மா. காக்க வெக்காதே. தேதி முடிவானதும் எழுது, ஒரு நாள் முன்னாடியே வந்துடுறேன். போன தடவை உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரனா வந்து, முதல் வரிசையில உட்கார்ந்து, பெண் வீட்டுச் சாப்பாட்டுல குறை சொன்னேன். இந்தத் தடவை பெண் வீட்டுக்காரனா வர்றேன். வாசல்ல நிக்கிறேன்.

அப்பா